ஐஸ் கம்பெனி சுப்புராஜ் வைத்த தண்ணீர்ப் பந்தல்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக்கு நான் வாங்கும் வஞ்சிரம் வீட்டுக்குப் போவதற்குள் நாறிப்போகட்டும். காசிமேட்டில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தவன்கூட இங்கே உண்டு. வஞ்சிரத்தின் மேல் எவனும் துணிய மாட்டான்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர் சுப்புராஜ். பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். கீழே கம்பெனியும் வீட்டு அடுக்களையும், மாடியில் குடித்தனம். கடலுக்குப் போகிற விசைப்படகுகள் பாதிக்கு மேல் அவருடைய ஐஸை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். அதனால் அவருக்கு ஓர் எண்ணம். வங்காள விரிகுடாவே தன்னால்தான் கெட்டுப்போகாமல் இருக்கிறதென்று.

கம்பெனி வாசலில் ஒரு சிமெண்டு மேடை. உள்ளேயிருந்து ஐஸ் பாரைச் சறுக்கிக்கொண்டு வந்து வேனில் ஏற்றுவதற்காக அவருடைய அப்பா கட்டியது. அப்பா கட்டும்போது அது சொந்த இடத்துக்குள் அடக்கமாகத்தான் இருந்தது. மகன் காலத்தில் வளர ஆரம்பித்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பூச்சு வேலை என்று சொல்லி ஒரு சாண் வளர்ப்பார். இப்படியே வளர்ந்து தெருவில் பாதியை விழுங்கிவிட்டது. மாநகராட்சிக் குப்பை வண்டி அந்த இடத்துக்கு வந்ததும் பக்கக் கண்ணாடியை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டும். நம்ப மாட்டீர்கள், ஒரு தடவை அந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட ஆட்டோவை எடுக்க முடியாமல், ஓட்டுநர் அதையே விலாசமாகக் கொடுத்து கேஸ் இணைப்பு வாங்கிவிட்டார்.

விடியற்கால ஏலம் முடிந்து மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்து அந்த மேடை நிழலில் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். சுப்புராஜுக்குப் பொறுக்காது. ஒரு வாளி ஐஸ் தண்ணீரைக் கொண்டுவந்து மேடையைக் கழுவ ஆரம்பிப்பார். அவருடைய மனைவி இசக்கியம்மாளுக்கும் அந்த மேடை மேல் ஒரு கண் உண்டு. அங்கே ஓர் ஆப்பக்கடை போட வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் கம்பெனி மொதலாளி பொண்டாட்டி ஆப்பக்கடை போட்டா எவன்ட்டி என்னை மதிப்பான்?" என்பார் இவர்.

"இப்ப எவன் மதிக்கான்னு சொல்லுங்க. அவன் வீட்டுக்கு மட்டும் ஆப்பம் குடுக்காம இருந்துக்கிடுதேன்" என்பாள் அவள்.

அந்த ஒருவனை இவரால் இன்றுவரை காட்ட முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் மாநகராட்சித் தேர்தல் வந்தது. நம் பட்டணத்தில் மேயருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. கவுன்சிலர்களுக்குப் போடுகிறோம். அவர்கள் ஒருநாள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலர் தேர்தல் முடிந்து, மேயர் தேர்தலுக்கு நாள் குறித்திருந்த சமயம். மாசி வெயில் லேசாகப் பல்லைக் காட்டத் தொடங்கியிருந்தது. டிவிக்காரன் ஒரு குண்டைப் போட்டான். யார் மேயராக வந்தாலும் முதல் வேலை துறைமுகத் தெருக்களில் மழைநீர் வடிகால் வெட்டுவதுதானாம். வழியில் உள்ள ஆக்கிரமிப்பு எல்லாம் காலியாம்.

சுப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி இசக்கி, நம்ம மேடை போயிரும் போலுக்கே."

"தெருவுல இருக்கது தெருக்காரனுக்கு. எடுத்தா எடுத்துட்டுப் போறாவ."

"வடிகால் வெட்டப் போறானுவளாம்."

"வெட்டட்டும். போன மழையில நம்ம கீழ்வீட்டு அடுக்களையில கெளுத்தி நீந்துச்சு. பிடிச்சுக் கொழம்பு வச்சேன். நீங்களும் நல்லாருக்குன்னு ரெண்டாம் தடவை ஊத்திக்கிட்டிய."

"மேடை போச்சுன்னா ஐஸ் எங்கன ஏத்த? தொழில் படுத்துரும். ஒனக்கு அரசியல் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

இது கேட்கக்கூடாத கேள்வி. சுப்புராஜ் தினமும் மூன்று பேப்பர் படிப்பவர். மூன்றையும் பக்கத்து டீக்கடையில் ஓசியில் படிப்பவர். கை கழுவியதும் மேடையில் போய் நின்று யோசித்தார். கோயில் கட்டலாமா? அறநிலையத்துறை வந்துவிடும். சிலை வைக்கலாமா? எந்தத் தலைவரை வைத்தாலும் இன்னொரு தலைவரின் ஆட்கள் வருவார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தார். தண்ணீர்ப் பந்தல்.

வெயில் வந்தால் நம் கட்சிக்காரர்களுக்கு ஜனங்களின் தாகம் ஞாபகம் வரும். நாலு மூங்கில், ஒரு கீற்று, ரெண்டு பானை. பானையைவிடப் பெரிதாக ஒரு படம். தண்ணீர் முதல் நாளோடு தீர்ந்துவிடும், படம் மழைக்காலம் வரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கும். அதை எந்த அதிகாரியும் தொட மாட்டான்.

"மேயராப் போறவன் படத்தைப் போட்டு, அவனையே கூட்டிட்டு வந்து தெறக்க வச்சிட்டா? தன் மூஞ்சிய தானே இடிப்பானா?" என்றார் மனைவியிடம்.

"யாரு மேயராப் போறது?"

சிக்கல் அங்கேதான் இருந்தது. மேயர் நாற்காலிக்கு ஒரே கட்சியில் இரண்டு பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனோகரன். விசைப்படகு முதலாளி, பேசினால் அலையே பின்வாங்கும். இன்னொருவர் ராயபுரம் பெனிட்டோ. இரும்பு வியாபாரி, தூத்துக்குடிக்காரர். சிரித்தபடியே கழுத்தை எடை போடுவார். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர் ஜென்மப் பகையாகிவிடுவார்.

மறுநாள் சாயங்காலம் சுப்புராஜ் ஒரு பலகையோடு வந்தார். நடுவில் இரும்புக் கம்பி, கம்பியில் சுழலும் பலகை. ஒரு பக்கம் மனோகரன் கும்பிட்டார். மறுபக்கம் பெனிட்டோ கும்பிட்டார். எவர் வருகிறாரோ அவர் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மேயர் யாரென்று தெரிந்ததும் ஆணி அடித்துவிடலாம்.

இசக்கியம்மாள் பலகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பந்தலை யாரு நடத்துதான்னு போடலியே? ஒங்க பேரையா போடப் போறிய?"

"எம்பேரு வேண்டாம்ட்டி. நாளைக்கு ஆக்கிரமிப்புன்னு கேஸ் வந்தா என் தலையிலல்லா விடியும்."

"அப்ப எங்க மகளிர் குழு பேரைப் போட்டுக்கிடுங்க. நாந்தானே தலைவி. மீன்காரப் பொம்பளையளும் அதுல இருக்காவ. பொம்பளைய நடத்துத தண்ணிப் பந்தல்னா எவன் கை வைப்பான்?"

சுப்புராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய திட்டம் ஒன்றுக்கு அவள் ஒத்தாசை பண்ணுவது இதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கியது. ஐஸ் உறைய வைக்கிற அமோனியா வாடையாகவும் இருக்கலாம்.

"போர்டுல எழுதுனா மட்டும் போதாதுங்க" என்றாள் அவள். "மைக்குலயும் சொல்லிருங்க. மேடை ஒங்களது இல்ல, குழுவோடதுன்னு. நாலு பேரு காதுல விழுந்தாத்தானே பின்னால பேச்சு வராது."

"நீ என்கூட இருந்து இருந்து தேறிட்ட" என்றார் சுப்புராஜ்.

குழுவென்றால் ஆள் தெரிய வேண்டுமே. மறுநாள் காலையில், தானே வாளியோடு விரட்டிய கெங்கம்மாவைத் தானே போய்க் கூப்பிட்டார். கெங்கம்மா மீன்காரப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நடப்பவள். அவள் குரல் கொடுத்தால் துறைமுகத்தில் காக்கைகள் வரிசையில் நிற்கும்.

"கெங்கம்மா, இனிமே இந்த மேடை ஒங்களுக்குத்தான். தாராளமா உட்காருங்க."

"இன்னா மொதலாளி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? நேத்துதான ஐஸ் தண்ணிய ஊத்தி அனுப்சே."

"அது மேடையைக் கழுவுனேன்."

"நான் குந்திகினு இருக்க சொல்லோ இன்னாத்துக்கு கழுவுற? என்னையும் சேத்து கழுவுனியா?"

"பழசை விடு. தண்ணிப் பந்தல் தெறக்கோம். குழு பேருல."

கெங்கம்மா மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இசக்கியம்மாள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"குழு பேர்லயா? அப்ப சரி நைனா. மெய்யாலுமே நீ சொன்னா நாங்க வர்றோம்."

திறப்பு விழா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலையில் மனோகரன் வந்தார். ஆளுயர மாலை, பட்டாசு. கம்பெனி ஆள் மஜீது பலகையை மனோகரன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டான். பிடிக்காவிட்டால் கடற்காற்றுக்கு அது தானே சுற்றும். சுப்புராஜ் பானையில் சாதாரணத் தண்ணீரா வைப்பார்? அரை ஐஸ் பாரை உடைத்துப் போட்டிருந்தார். மனோகரன் ஒரு சொம்பை அப்படியே கவிழ்த்துக்கொண்டார். நாக்கு உறைந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றார். வார்த்தை வரவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. கூட்டம் கை தட்டியது. அவர் வாழ்நாளில் பேசியதிலேயே ஜனங்களுக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

அந்த இடைவெளியில் சுப்புராஜ் மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே, இந்த மேடைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இது முழுக்க முழுக்க மகளிர் குழுவின் உடைமை. நான் ஐஸ் மட்டும்தான் கொடுக்கிறேன்."

முன்வரிசையில் கெங்கம்மா செல்போனை நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பெனிட்டோ வந்தார். மஜீது பலகையைத் திருப்பினான். பெனிட்டோ கெட்டிக்காரர், சொம்பை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே ஊற்றிவிட்டார். காலையில் கிடைத்த கைதட்டல் சுப்புராஜுக்கு இன்னும் காதில் இருந்தது. அதனால் இந்த முறை இன்னும் நீட்டினார்.

"வாசற்படியிலிருந்து நடுத்தெரு வரைக்கும் இந்த மேடையில் ஒரு கல்கூட என்னுடையது இல்லை. நாளைக்கு எங்கப்பாவே எழுந்து வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

"வாசப்படிலருந்தா? இன்னொரு தபா சொல்லு மொதலாளி, இங்க சரியா கேக்கல" என்றாள் கெங்கம்மா, செல்போனோடு.

சுப்புராஜ் பெருந்தன்மையோடு இன்னொரு முறையும் சொன்னார்.

மேயர் தேர்தல் அன்று அவர் டிவியின் முன்னால் உட்கார்ந்தார். மஜீது ஆணியும் சுத்தியுமாகப் பலகையின் பக்கத்தில் நின்றான். மனோகரன்தான் என்றது டிவி. "திருப்பு" என்றார் சுப்புராஜ். பெனிட்டோவுக்கு ஆதரவு கூடுகிறது என்றது. "அந்தப் பக்கம் திருப்பு" என்றார். கவுன்சிலர்கள் ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். மனோகரன். பாதி வழியில் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறினார்கள். பெனிட்டோ. பாவம், அவர்களுக்கும் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறோம் என்று தெரியாது. டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பலகை சுற்றிய சுற்றில் பந்தலுக்குக் கீழே நல்ல காற்று. மீன்காரப் பெண்கள் அசந்து தூங்கினார்கள்.

மத்தியானம் முடிவு வந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லையாம். கட்சி மேலிடத்துக்குக் கோபம் வந்து இரண்டு பேரையும் ஓரம் கட்டிவிட்டது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக் கவுன்சிலர், புதுசாக ஜெயித்த சின்னப் பெண், வினிதா என்று பேர். அவள்தான் மேயர்.

வாசலிலிருந்து மஜீதின் குரல் கேட்டது.

"மொதலாளி, பலகைக்கு மூணாவது பக்கம் இல்ல. ஆணி எங்க அடிக்கிறது?"

எங்கே அடிக்க வேண்டுமென்று சுப்புராஜ் மனதில் நினைத்ததை இங்கே எழுத முடியாது. பலகையை இறக்கிக் குளிர் அறையில் போட்டார்கள். மனோகரனும் பெனிட்டோவும் ஐஸுக்கு நடுவில் கும்பிட்டபடி விறைத்தார்கள்.

மேயரம்மா சொன்னதைச் செய்கிற ஜாதி. அடுத்த வாரமே அந்தத் தெருவுக்கு வந்துவிட்டாள். பின்னால் பொறியாளர்கள். அதற்கும் பின்னால் மஞ்சள் நிற ஜேசிபி. சுப்புராஜ் பொன்னாடையோடு ஓடினார். "அதை யாராவது வெயில்ல நிக்கிறவங்களுக்குப் போர்த்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேடையைப் பார்த்தாள்.

"இந்த மேடை யாரோடது?"

சுப்புராஜ் மூளை விசைப்படகு மாதிரி ஓடியது. என்னுடையது என்றால் இப்போதே இடிப்பார்கள், அபராதமும் போடுவார்கள். குழுவுடையது என்றால் பெண்பிள்ளை மேயர், பெண்பிள்ளைகள் மேடை. தொட மனசு வராது. இதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம்.

"மகளிர் குழுவோடதும்மா. எனக்கு ஒரு கல்கூட கிடையாது" என்றார் உரக்க.

"படமே கீது மேயரம்மா" என்று கெங்கம்மா செல்போனை நீட்டினாள். அதில் சுப்புராஜ் மூன்று தடவையும் மூன்று விதமாக மேடையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வினிதா இசக்கியம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் குழுத் தலைவியா? இது பாதித் தெருவை அடைச்சுக்கிட்டு நிக்குதே. வடிகால் எப்படிப் போறது?"

"நீங்க கேக்கது நியாயந்தாம்மா" என்றாள் இசக்கியம்மாள். "தெருவுல இருக்கதை இடிச்சு எடுத்துக்கிடுங்க. மழைக்கு எங்க அடுக்களைதான் முதல்ல முங்குது. வாசலை ஒட்டி இருக்கது மட்டும் பட்டா எடம். இவுக அப்பா கட்டுனது. அது எங்க குழுவுக்குப் போதும்."

பொறியாளர் நாடாவைப் பிடித்து அளந்தார். சுண்ணாம்பால் கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மகன் வளர்த்தது. இந்தப் பக்கம் அப்பா கட்டியது. அப்போதுதான் சுப்புராஜுக்கு நெஞ்சில் ஐஸ் பார் இறங்கியது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் தெருவில் இருந்தது மட்டும்தான் போயிருக்கும். பட்டா உள்ள சொந்த மேடையை எந்த மேயரும் கேட்கவில்லை. அதை இவரே மைக் வைத்து, பட்டாசு வெடித்து, மூன்று தடவை தானம் செய்திருக்கிறார்.

"ஏட்டி, அது எங்கப்பா மேடை" என்றார் காதோடு.

"சத்தமாச் சொல்லுங்க. ஒங்களுதுன்னா தெருவுல கட்டுனதும் ஒங்களுதுதான். அபராதம் யாருக்குன்னு அந்தப் பிள்ளை கேட்டுட்டு நிக்கி."

சுப்புராஜ் சத்தமாக இருமினார். அவ்வளவுதான் முடிந்தது.

வினிதா போகத் திரும்பியவள் நின்றாள். "ஐஸ் எப்படி ஏத்துவீங்க? தொழில் கெடக்கூடாது."

சுப்புராஜ் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"பின்சந்துல இவுக ஆபீஸ் ரூம் இருக்கும்மா. ஏசி போட்டு, சுத்துத நாற்காலி போட்டு சும்மாதான் கெடக்கு. பேப்பரைக்கூட டீக்கடையிலதான் படிப்பாவ. அந்தச் சுவரை எடுத்துட்டா வேன் நேரா உள்ள வந்துரும். ஜேசிபிதான் வந்துருக்கே, ஒரு கை பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

ஜேசிபிக்காரன் நல்லவன். நாற்காலியை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் இடித்தான்.

வடிகால் வெட்டி முடிப்பதற்குள் மேடையில் அடுப்பு ஏறிவிட்டது. இசக்கியம்மாள் ஆப்பம் சுட, கெங்கம்மா நெத்திலி வறுக்க, ஏலம் முடிந்து வருகிற கூட்டமெல்லாம் அங்கேதான். ஐஸ் கம்பெனி எங்கே என்று கேட்டால் ஆப்பக்கடைக்குப் பின்னால் என்று ஊர் வழி சொல்கிறது. வியாபாரம் ஒன்றும் படுக்கவில்லை. பின்வழியில் வேன் இன்னும் சுலபமாகப் போய்வருகிறது. அதுதான் சுப்புராஜுக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ரோஷத்தோடு சில நாள் அந்தப் பக்கமே வராமல் இருந்தார். வீட்டில் சமையல் நின்று போயிருந்ததால் ரோஷமும் நின்றது. ஒருநாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதலாளி நடையோடு வந்து மேடையில் ஏறப் போனார்.

"ஏட்டி, ரெண்டு ஆப்பம் வை. தேங்காப்பால் நெறைய ஊத்து."

"பார்சலா?"

"கட்டுன புருசனுக்கு என்னட்டி பார்சல்? இங்கன உட்கார்ந்துதான் திங்கப் போறேன்."

இசக்கியம்மாள் கரண்டியால் கூரைப் பக்கம் காட்டினாள். அங்கே புதுப் பலகை தொங்கியது. அதில் எவர் படமும் இல்லை. எழுத்து மட்டும்தான்: மேடையில் மகளிர் மட்டும் அமரவும்.

இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். வடிகால் ஓரமாக நின்று தின்கிற ஆண்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் அந்தம்மா இரண்டாம் தடவை தேங்காய்ப்பால் ஊற்றுகிறாள். அதில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.